உறங்கிய மடிக்கணினி ஏன் விழிக்க மறுக்கிறது?

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சிக்கல் சிறியதுதான். ஆனால் ஒரு முழுப் பாடவேளையை அது விழுங்கிவிடும். ஆசிரியர் அறையில் பாடத்தைத் திறந்து, படங்களையும் காணொலியையும் வரிசைப்படுத்தி வைக்கிறோம். மடிக்கணினியின் மூடியைச் சாத்தி வகுப்பறைக்கு எடுத்துச் செல்கிறோம். புரொஜெக்டரில் இணைத்து மூடியைத் திறந்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது. உள்ளே விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்கிறது. சில வேளைகளில் நீலத் திரையில் ஆங்கில எழுத்துகள் தோன்றி, கணினி தானாகவே மறுபடி தொடங்குகிறது. அண்மைக்கால விண்டோஸ் 11 பதிப்புகளில் அந்தத் திரை நீலத்துக்குப் பதில் கறுப்பாக வரும். சேமிக்காமல் வைத்திருந்த வினாத்தாளோ மதிப்பெண் பட்டியலோ போய்விடுகிறது.

இப்படி நான்கு முறை நடந்துவிட்டால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ‘இது பழசாகிவிட்டது’ என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். இல்லையென்றால் கடையில் கொடுத்து ‘ஃபார்மட்’ செய்துவிடச் சொல்கிறோம். இரண்டுமே அவசர முடிவுகள். வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒழுங்காக இருந்து, உறக்கத்திலிருந்து எழும்போது மட்டும் விழுந்துவிடும் கணினி பெரும்பாலும் முழுவதும் கெட்டுப்போன கணினி அல்ல. அதில் ஏதோ ஒரு பாகம் மற்றவற்றோடு சேர்ந்து எழவில்லை. எந்தப் பாகம் என்று பிரித்துப் பார்க்க முடியும். அதற்குப் பொறியாளராக இருக்கத் தேவையில்லை. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் சோதனை செய்து காட்டுகிற பொறுமை இருந்தால் போதும்.

இடைவேளை, கோடை விடுமுறை, பள்ளி மூடல்

முதலில் மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். மூடியைச் சாத்தும்போது நிகழும் ஸ்லீப், அடுத்தது ஹைபர்னேட், மூன்றாவது ஷட் டவுன்.

ஸ்லீப் என்பது பள்ளியில் இடைவேளை விடுவது போல. பிள்ளைகள் நோட்டைத் திறந்தபடியே மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போகிறார்கள். மணி அடித்ததும் வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுகிறார்கள். கணினியில் நாம் திறந்து வைத்த பாடம், எழுதிக்கொண்டிருந்த வினாத்தாள் எல்லாம் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில் அப்படியே இருக்கும். ரேமுக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மற்ற பாகங்கள் ஏறத்தாழ அணைந்துவிடும். அந்தச் சிறு மின்சாரமும் நின்றால், அதாவது பேட்டரி முழுவதும் தீர்ந்தால், மேசைமேல் இருந்த நோட்டு காணாமல் போகும்.

ஹைபர்னேட் என்பது கோடை விடுமுறை போல. எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். ரேமில் இருந்ததை விண்டோஸ் சி டிரைவில் ஒரு மறைவான கோப்பில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிடுகிறது. திரும்பத் தொடங்கும்போது அந்தக் கோப்பைப் படித்து ரேமில் மறுபடி நிரப்புகிறது. அதனால் பேட்டரி தீர்ந்தாலும் வேலை போகாது. குளிர்கால உறக்கம் என்று விலங்கியலில் நாம் நடத்தும் சொல்லேதான் இதற்கும் பெயராக வந்திருக்கிறது.

ஷட் டவுன் என்பது எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பள்ளியைப் பூட்டுவது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி சேர்க்கப்பட்டது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது நம் செயலிகள் மூடப்பட்டாலும் விண்டோஸின் உள்மையப் பகுதி மட்டும் ஹைபர்னேட் ஆகிறது. அடுத்த நாள் விரைவாகத் தொடங்குவதற்காக இந்த ஏற்பாடு. ‘நேற்று முழுவதும் அணைத்துவிட்டுத்தான் போனேன், காலையிலும் அதே தொல்லை’ என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்கினாலும் முழுமையாக அணையும்.

எழுவது ஏன் கடினம்?

இந்த உறக்க நிலைகளுக்கு ஒரு பொது விதிமுறை உண்டு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 1996 டிசம்பரில் அதை வெளியிட்டன. ஏசிபிஐ என்பது அதன் சுருக்கப் பெயர். அதில் உறக்கத்தின் ஆழம் எஸ்1, எஸ்2 என்று எண்ணிடப்பட்டிருக்கிறது. ரேமுக்கு மட்டும் மின்சாரம் தரும் ஸ்லீப் எஸ்3. ஹைபர்னேட் எஸ்4.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். தலைமையாசிரியர் வாயிற்கதவைத் திறந்துவிட்டால் மட்டும் பள்ளி நடந்துவிடாது. ஆய்வகத்தின் சாவி வேண்டும், சமையலறை திறக்க வேண்டும், குடிநீர் மோட்டார் ஓட வேண்டும். ஒன்று தடைப்பட்டாலும் அன்றைய நாள் குழம்பும். கணினியும் அப்படித்தான். திரைக்கான கிராஃபிக்ஸ் பாகம், வைஃபை, தொடுபலகை, வட்டு, யூஎஸ்பி துளைகள் என ஒவ்வொன்றையும் ஒரு சிறு மென்பொருள் இயக்குகிறது. அதைத்தான் டிரைவர் என்கிறோம். இவற்றைச் செய்த நிறுவனங்கள் வேறு வேறு. உறங்கப் போகும்போது விண்டோஸ் ஒவ்வொரு டிரைவரிடமும் ‘அணைத்துக்கொள்’ என்கிறது. எழும்போது ‘தயாராகு’ என்கிறது. உரிய நேரத்துக்குள் ஒரு டிரைவர் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் மேற்கொண்டு நகர முடியாமல் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. நாம் காணும் பிழைத்திரை அதுதான்.

சாதாரணமாக வேலை செய்யும்போது டிரைவரின் இந்தப் பகுதி சோதிக்கப்படுவதே இல்லை. அதனால்தான் நாள் முழுவதும் நன்றாக ஓடிய கணினி, மூடியைச் சாத்தித் திறந்ததும் விழுகிறது.

வகுப்பறையில், அந்த நிமிடத்தில்

திரை கறுப்பாக இருக்கும்போது உடனே பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டாம். அது கடைசி வழி. அதற்கு முன் நான்கு செயல்கள் உள்ளன. நான்குக்கும் சேர்த்து ஒரு நிமிடம் போதும்.

முதலில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். விசைக்கு உரிய சிறு விளக்கு எரிந்து அணைகிறதா? அணைந்து எரிந்தால் கணினி விழித்துவிட்டது, திரை மட்டும்தான் விழிக்கவில்லை. விளக்கு அசையாமல் நின்றால் கணினியே உறைந்துவிட்டது என்று கொள்ளலாம். மேற்கொண்டு எங்கே தேடுவது என்பதையும் இந்த ஒரு விளக்கு சொல்லிவிடும்.

இரண்டாவது, விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கச் செய்யும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. பல முறை திரை உயிர்பெறுவது இதனால்தான்.

மூன்றாவது, எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிப் பாருங்கள். புரொஜெக்டரே திரை என்று கணினி நினைத்துக்கொண்டு, தன் திரையை அணைத்து வைத்திருக்கலாம். விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தினாலும் எந்தத் திரையில் காட்டுவது என்று மாற்றலாம்.

நான்காவது, பென் டிரைவ், வெளி மவுஸ் போன்ற இணைப்புகளை எடுத்துவிட்டு அரை நிமிடம் காத்திருங்கள். ஹைபர்னேட்டிலிருந்து எழும் பழைய வட்டுள்ள கணினிக்கு உண்மையாகவே நேரம் தேவைப்படும். வட்டு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் அது படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இவை எதுவும் பலிக்கவில்லை என்றால்தான் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சேமிக்காத வேலை போய்விடும். ஆகவே மூடியைச் சாத்துவதற்கு முன் கன்ட்ரோல் எஸ் அழுத்துவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வேர்டு மென்பொருள் இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மீட்புப் பிரதி எடுக்கும். அதை இரண்டு நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம். சிக்கல் தீரும் வரை அது நல்ல காப்பு.

கணினி எழுதி வைத்த குறிப்பு

கணினி மறுபடி தொடங்கிய பிறகு, அது என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்டார்ட் தேடலில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், நம்பகத்தன்மை வரலாற்றைக் காட்டும் ஒரு பக்கம் வரும். நாட்காட்டி போல நாள்தோறும் என்ன நடந்தது என்று அதில் இருக்கும். சிவப்புக் குறி உள்ள நாளுக்கு முந்தைய ஓரிரு நாளில் ஏதேனும் புதிய டிரைவரோ மென்பொருளோ நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘போன வாரம் வரை நன்றாகத்தான் இருந்தது’ என்ற நம் நினைவை இந்தப் பக்கத்தோடு ஒத்துப்பார்க்க முடியும்.

ஈவென்ட் வியூவர் என்ற இன்னொரு பதிவேடும் உண்டு. அதில் ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பில் ஒரு பதிவு இருப்பதைப் பார்த்துவிட்டு, ‘மின்சாரக் கோளாறு, பவர் போர்டு போய்விட்டது’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. முறையாக அணைக்கப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதை மட்டுமே 41 சொல்கிறது. நாம் பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் அதே பதிவுதான் வரும். பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று வருகைப் பதிவேடு சொல்லும். ஏன் வரவில்லை என்று அது சொல்லாது.

பிழைத்திரையில் வரும் ஆங்கிலத் தொடர்தான் காரணத்துக்கு அருகில் கொண்டுபோகும். கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்று வந்தால் நான் முன்பு சொன்னதுதான் நடந்திருக்கிறது: ஏதோ ஒரு டிரைவர் உறங்கும்போதோ எழும்போதோ பதில் தரவில்லை. ‘இன்டர்னல் பவர் எரர்’ என்று வந்தால் ஹைபர்னேட் கோப்பையும் அதை எழுதும் வட்டையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, நம் கணினிக்கு எந்தெந்த உறக்கம் தெரியும் என்று அதனிடமே கேட்கலாம். கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லை எழுதி, இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து, பிறகு ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் இட்டு என்டர் தட்டுங்கள். கணினிக்கு உள்ள உறக்க நிலைகளும், இல்லாதவையும் பட்டியலாக வரும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 இருக்காது. அதற்குப் பதில் எஸ்0 என்ற எண்ணோடு ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்ற முறை இருக்கும். கைப்பேசி போல அரைத் தூக்கத்திலேயே இருந்துகொண்டு இணையத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்ளும் முறை அது. அத்தகைய கணினியை மூடியபடியே பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றால், பைக்குள்ளேயே சூடாகிப் பேட்டரி தீர்ந்துபோக வாய்ப்பு உண்டு. பயணத்துக்கு முன் ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன் கொடுப்பதே நல்லது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இப்போது சோதனை. அறிவியல் ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும். ஒரே நாளில் டிரைவரை மாற்றி, ஆன்டிவைரஸை நீக்கி, அமைப்பையும் திருத்திவிட்டால், சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த கணினிக்கு அந்த அறிவு உதவாது.

ஒரு நோட்டில் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஐந்து நிமிட உறக்கத்திலிருந்து எழுகிறதா? இரவு முழுவதும் உறங்கினால் எழுகிறதா? ஐந்து நிமிடத்துக்கு எழுந்து, மறுநாள் காலையில் மட்டும் விழுந்தால், குற்றவாளி பெரும்பாலும் ஹைபர்னேட். ஏனென்றால் பல கணினிகள் சில மணி நேரம் ஸ்லீப்பில் இருந்த பிறகு தாமாகவே ஹைபர்னேட்டுக்கு மாறும்படி அமைக்கப்பட்டிருக்கும்.

இரண்டு: ஸ்டார்ட் பட்டியலில் ஸ்லீப் கொடுத்தால் எழுகிறதா? மூடியைச் சாத்தினால் மட்டும் விழுகிறதா? மூடியில் மட்டும் என்றால் திரை தொடர்பான டிரைவரையோ மூடியை உணரும் பாகத்தையோ பார்க்க வேண்டும்.

மூன்று: சார்ஜர் இணைத்திருக்கும்போது எழுந்து, பேட்டரியில் மட்டும் விழுகிறதா? எழும் நொடியில் எல்லாப் பாகங்களும் ஒருசேர மின்சாரம் கேட்கும். தேய்ந்த பேட்டரி அதைத் தாங்காது. தொடுபலகை மேலெழும்பியிருந்தாலோ மூடி சரியாகச் சாத்தவில்லை என்றாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அந்தக் கணினியை அப்போதே அணைத்து, சார்ஜரையும் கழற்றி, பயன்பாட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து அதில் உண்டு.

நான்கு: எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டால் எழுகிறதா? எழுந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்துச் சோதியுங்கள். புரொஜெக்டர், மவுஸ், பென் டிரைவ், இணைய டாங்கிள் என்று வரிசையாகப் பாருங்கள்.

ஒவ்வொரு சோதனையையும் எத்தனை முறை செய்வது? இது கணித ஆசிரியர்களுக்கான கேள்வி. மூன்று முறை உறங்கினால் சராசரியாக ஒரு முறை விழும் கணினி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாற்றம் செய்துவிட்டு மூன்று முறை சோதிக்கிறோம், மூன்று முறையும் எழுகிறது. ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லலாமா? எதுவும் சரியாகாமலே மூன்று முறையும் எழுவதற்கான நிகழ்தகவு, மூன்றில் இரண்டின் முப்படி. அதாவது 27-இல் 8. ஏறத்தாழ 30 விழுக்காடு. எட்டு முறை தொடர்ந்து எழுந்தால் அது ஏறத்தாழ 4 விழுக்காடாகக் குறைகிறது. ஆகவே விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு எட்டு, பத்து முறை சோதிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்துக்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு அமைவது அரிது.

கண்டறிந்த பின் செய்ய வேண்டியவை

திரையே காரணம் என்று தெரிந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பாகத்தின் பெயரை இருமுறை சொடுக்கினால் டிரைவர் என்ற பக்கம் இருக்கும். அண்மையில் புதுப்பித்த பிறகு சிக்கல் வந்திருந்தால் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். நெடுநாளாகப் புதுப்பிக்கவில்லை என்றால், கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் அடிப்பக்கத்து மாடல் எண்ணைக் கொடுத்து அதற்குரிய டிரைவரை எடுங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தொடாதீர்கள். பொருந்தாத டிரைவர் புகுவதற்கு அவையே வழி.

வைஃபையில் சந்தேகம் இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சேமிப்புக்காக இந்தப் பாகத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். சில புதிய கணினிகளில் இந்தப் பக்கமே இருக்காது. அப்போது டிரைவரை மாற்றுவதுதான் வழி.

ஹைபர்னேட்தான் காரணம் என்றால், முதலில் சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, முன்பு சொன்ன அதே கட்டளைச் சொல்லை எழுதி, இடைவெளி விட்டு, சாய்கோடு எச், மறுபடி இடைவெளி விட்டு ‘ஆஃப்’ என்று ஆங்கிலத்தில் எழுதி என்டர் தட்டினால் பழைய ஹைபர்னேட் கோப்பு நீங்கிவிடும். ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ‘ஆஃப்’ இருந்த இடத்தில் ‘ஆன்’ என்று கொடுத்தால் புதிய கோப்பு உருவாகும். கோப்பில்தான் பழுது என்றால் இதோடு தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால், அது எழுதப்படும் வட்டையும் படித்து நிரப்பப்படும் ரேமையும் சோதிக்க வேண்டும். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. வட்டில் பழுது தெரிந்தால் அன்றைக்கே முக்கியக் கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுத்துவிடுங்கள். உறக்கச் சிக்கலைவிட அது அவசரம்.

காலையில் முதல் முறை தொடங்கும்போது மட்டும் தொல்லை என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திப் பாருங்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான பக்கத்தில் அதற்கான டிக்கை எடுத்துவிடலாம். தொடங்குவதற்குச் சில விநாடிகள் கூடும், அவ்வளவுதான்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். விண்டோஸ் ஹைபர்னேட்டில் இருக்கும்போது லினக்ஸில் புகுந்து அதே டிரைவில் கோப்புகளை மாற்றினால், விண்டோஸ் எழும்போது தான் எழுதி வைத்த பதிவேடு ஒரு மாதிரியும் பீரோவில் இருக்கும் பொருள்கள் வேறு மாதிரியும் இருக்கும். கோப்புகள் சிதைந்துபோக அதுவே காரணமாகும். அதனால்தான் லினக்ஸ் அந்த டிரைவை எழுதத் திறக்க மறுக்கிறது. அது பிழையென்று எண்ணி வற்புறுத்தித் திறக்காதீர்கள்.

பயாஸ் புதுப்பித்தல் கடைசியாகச் செய்ய வேண்டியது. பல உறக்கக் கோளாறுகளை அது சரிசெய்யும். ஆனால் நடுவில் மின்சாரம் நின்றால் கணினியே தொடங்காமல் போகலாம். பேட்டரி நிறைந்திருக்க, சார்ஜரும் இணைந்திருக்க, விவரம் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தீராவிட்டால்

எல்லாக் கணினிக்கும் தீர்வு கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துவிட்டன. பழைய மாடலுக்குப் புதிய டிரைவர் வராமல் போகலாம். அப்போதும் நான்கு கேள்விகளுக்கு நீங்கள் எழுதிய விடைகள் வீணாகாது. ஸ்லீப் மட்டும்தான் கெட்டிருக்கிறது, ஹைபர்னேட் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் ஆகும்படி பவர் ஆப்ஷன்ஸில் மாற்றிவிடலாம். ஹைபர்னேட் மட்டும் கெட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு ஸ்லீப்போடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டும் கெட்டிருந்தால், மூடியைச் சாத்தினால் எதுவும் செய்யாதே என்று அமைத்து, ஒரு வகுப்பறையிலிருந்து அடுத்த வகுப்பறைக்கு அப்படியே எடுத்துச் செல்லலாம். வேலை முடிந்ததும் ஷட் டவுன். ‘மூடியைச் சாத்தாதே’ என்ற ஒரே ஒரு விதியோடு ஒரு மடிக்கணினி இன்னும் பல ஆண்டுகள் பாடம் நடத்தும்.

அந்த விதியை ஒரு சிறு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கணினி நம் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. மாறுதலில் நாம் போய்விட்டால் நமக்குப் பின் வருபவர் அதே தொல்லையை முதலிலிருந்து படக்கூடாது.

கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் இரண்டு வேலைகள் உண்டு. நீங்கள் எழுதிய சோதனைக் குறிப்பைக் கணினியோடு கொடுங்கள். ‘எழுவதில்லை’ என்பதற்கும், ‘ஸ்லீப்பில் எழுகிறது, ஹைபர்னேட்டில் பத்துக்கு நான்கு முறை விழுகிறது, சார்ஜர் இருந்தாலும் அப்படித்தான்’ என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பழுது பார்ப்பவர் வேறு வழியில்லாமல் ஃபார்மட் செய்வதை அந்தக் குறிப்பு தடுக்கும். இரண்டாவது, அந்தக் கணினியில் நம் பிள்ளைகளின் விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறந்த நாள், ஆதார் எண், பெற்றோரின் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை இருக்கலாம். எமிஸ் பதிவுக்காகத் தயாரித்த பட்டியல்கள் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். அவற்றை வேறிடத்தில் காப்பாக எடுத்து வைத்துவிட்டு, கணினியிலிருந்து நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களையும் மறக்காதீர்கள். பெற்றோர் நம்மை நம்பித் தந்த விவரங்கள் அவை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யாதீர்கள். உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கிலிருந்து வெளியேறி, சோதனைக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். ஒருவர் உறங்க வைக்கட்டும், ஒருவர் நேரம் பார்க்கட்டும், ஒருவர் எழுப்பட்டும், ஒருவர் நோட்டில் எழுதட்டும். கருதுகோள், மாறி, மறுசோதனை, முடிவு என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போடுபவை எல்லாம் அந்த ஒரு நோட்டில் அவர்கள் கையெழுத்திலேயே வந்துவிடும். அடுத்த முறை ஆய்வகத்தில் ஒரு கணினி விழிக்காதபோது, ‘கேப்ஸ் லாக் விளக்கு எரியுதா பாருடா’ என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் கேட்பதை நீங்கள் கேட்பீர்கள்.